லங்காட் நதிக்கரையில் ஒரு புத்தக விருந்து

கிள்ளானிலிருந்து பந்திங்குக்கு நீங்கள் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, வாசக நேயர்களே? போனவர்களுக்கு அந்தச் சாலையின் அருமை தெரியும். போகாதவர்கள் என்னோடு புறப்படுங்கள். டிக்கெட் செலவு இல்லாமல் அழைத்துப் போகிறேன்.

தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனால், சின்னத் தூக்கம் ஒன்று போட்டு எழுந்துவிடலாம். சிஜங்காங், தெலுக் பங்லிமா காராங், ஜென்ஜாரோம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தெலுக் பங்லிமா காராங்கில் வலப்பக்கம் பிரியும் பாதை கேரித் தீவுக்குப் போகிறது. ஜென்ஜாரோமில் ஒரு பெரிய புத்தர் கோயில் உண்டு. சீனப் புத்தாண்டுக் காலத்தில் அதன் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க நம்மவர்களும் குடும்பத்தோடு போவார்கள். அதைத் தாண்டினால் மீண்டும் செம்பனை. தலைக்கு மேலே சிப்பாங் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். கீழே பழுப்பு நிறத்தில், அவசரமே இல்லாமல் வளைந்து போகும் லங்காட் ஆறு. அதுதான் பந்திங்.

பந்திங் என்றதும் பூப்பந்து ஞாபகம் வருகிறவர்கள் பலர். 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்கு முதல் பதக்கம் வாங்கிக் கொடுத்த ரசிப், ஜலானி சகோதரர்கள் இந்த வட்டாரத்துக் கம்பத்துப் பிள்ளைகள். ஆனால் நான் போனது பூப்பந்து பார்க்க அல்ல. சாப்பிடப் போனேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

என் அக்கா அங்கே ஒரு தாமானில் குடியிருக்கிறாள். பள்ளி விடுமுறை தொடங்கியதும் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

“தம்பி, வர்ற சனிக்கிழமை எங்க புத்தக விருந்து. வர்றதா இருந்தா படிச்சிட்டு வா. படிக்காம வந்தா தட்டு கழுவணும். வாத்தியாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்!”

அக்கா ஆறாம் வகுப்புக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தவள் அல்ல. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தால் ஒரு வாத்தியாரால் வீட்டில் இருக்க முடியுமா? பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

அந்தத் தாமானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசை வீடுகள். முன்னால் கார் நிறுத்த ஒரு கொட்டகை. பக்கத்துத் தோட்டங்கள் விற்கப்பட்டும் லயங்கள் உடைக்கப்பட்டும் போன பிறகு அங்கிருந்து வந்து குடியேறியவர்களே பெரும்பாலோர். லயத்தில் இருந்தபோது அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பது சுவர் வழியாகவே தெரியும். தாமானுக்கு வந்த பிறகு இரும்புக் கேட், பூட்டு, நாய். அடுத்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் எழுந்திருக்கிறார் என்பதே தெரியாமல் போயிற்று. உங்கள் தாமானிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில்தான் 2019 வந்தது. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ அந்த ஆண்டு நின்று போனது. ஓய்வு பெற்ற தாதி ஒருவர் அந்தத் தாமானில் இருக்கிறார். ஞாயிறு மலர் கதைகளைப் படித்தே வளர்ந்தவர். “இனி ஞாயிற்றுக்கிழமை எதைப் படிப்பேன்?” என்று பக்கத்து வீட்டில் புலம்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் தன்னிடமிருந்த ஒரு பழைய நாவலைக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் கையோடு போகக் கூடாதே என்று தாதியம்மாள் ஒரு பாத்திரம் பாயசம் கொண்டு போனார். இருவரும் உட்கார்ந்து பாயசத்தைக் குடித்துக்கொண்டே கதையைப் பேசினார்கள். புத்தக விருந்து பிறந்த வரலாறு இவ்வளவுதான்.

இன்று பதினோரு பேர் இருக்கிறார்கள். தாதியம்மாள், என் அக்கா, லோரி ஓட்டும் ஒரு மாமா, கோயில் கணக்கு எழுதும் பெரியவர், பாலர் பள்ளி ஆசிரியை, கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒரு பெண், விமான நிலையத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் என்று பலதரப்பட்டவர்கள். கையுறைத் தொழிற்சாலைப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க பாட்டி பால் வெட்டுனாங்க சார், நான் அதே பாலுல கையுறை செய்றேன். வெயில் மட்டும்தான் இல்ல!”

இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகம். அதைத் தேர்ந்தெடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லலாம். சொன்னவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். புத்தகம் கையில் கிடைக்குமா? இரவு வேலை செய்கிறவர் இரண்டு மாதத்தில் முடிக்க முடியுமா? அதில் சாப்பிட என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு ஓட்டு விழாது! ஒரு முறை கோயில் கணக்கர் ‘பொன்னியின் செல்வன்’ என்றாராம். ஐந்து பாகம் என்று கேட்டதும், “அப்போ சாப்பாடு அடுத்த வருஷம்தான்” என்று லோரி மாமா எழுந்துவிட்டாராம்.

கிடைப்பதுதான் பெரிய தொல்லை. நம் நாட்டுத் தமிழ் நாவல்கள் ஒரு தடவை அச்சாகி, விற்று, பிறகு பரணில் தூங்குகின்றன. மூன்று பிரதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆளுக்குப் பத்து நாள் என்று முறை வைத்துக் கைமாற்றுகிறார்கள். பத்தாம் நாள் இரவு புத்தகம் அடுத்த வீட்டுக் கேட்டுக்குள் போயிருக்க வேண்டும். கண் பார்வை மங்கிய ஒரு பாட்டிக்காகப் பாலர் பள்ளி ஆசிரியை தினமும் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாட்டி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்கிறார்.

இதுவரை நடந்த விருந்துகளையும் சொல்லி விடுகிறேன். அகிலன் நம் நாட்டுக்கு வந்து போன பிறகு எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ நாவலுக்குத் தோட்டத்துப் பசியாறல்: கட்டிக் கோப்பி, தோசை, நெத்திலிச் சம்பல். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மேடானிலும் பினாங்கிலும் போர்க்காலத்தில் நடக்கிறது அல்லவா? அதற்குப் பினாங்கு முறையில் நாசி கண்டார். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு, அவரவர் வீட்டில் ஒரே சமையலைச் சமைத்து, தொலைபேசியில் முகம் பார்த்துச் சாப்பிட்டார்களாம். “அந்த நேரத்துல இது இல்லன்னா நான் சுவரோட பேசியிருப்பேன்” என்றார் தாதியம்மாள்.

ஆற்றின் கரையில் குடியிருந்துகொண்டு அதைப் படிக்காமல் இருப்பதா என்று அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’யைப் படித்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்துக் கதை. அதைப் படித்த சூட்டிலேயே அடுத்த புத்தகத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. நான் போனது அந்த விருந்துக்குத்தான்.

அங்கேதான் சண்டை வந்தது.

விமான நிலைய இளைஞன் நல்ல மனத்தோடுதான் சொன்னான்: “சயாம் கதைதானே, டோம் யாம் வைக்கலாம். எனக்கு ஒரு நல்ல கடை தெரியும்.” சிலர் சரி என்றார்கள். எண்பத்தெட்டு வயதுப் பாட்டி, தினமும் காதால் கேட்டுப் படிக்கிற அதே பாட்டி, ஒன்றும் சொல்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். பின்னாலேயே போய் என் அக்கா கேட்டிருக்கிறாள். “எங்கப்பாவும் சயாமுக்குப் போனாருடி. டோம் யாம் சாப்பிடப் போகல” என்று ஒரே வார்த்தை. இளைஞன் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டான். ஆனால் பாட்டி இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. பசியைப் பற்றிய புத்தகத்துக்கு விருந்து வைப்பது முறைதானா, இந்த ஒரு முறை வெறும் தேநீரோடு நிறுத்திக்கொள்வோமா என்று தாதியம்மாள் கேட்டார். இல்லை, மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிடுவோம் என்றார் கணக்கர். கிழங்கு என்றாலே பாட்டிக்கு ஆகாது, வீட்டுக்குள்ளேயே விட மாட்டார் என்றாள் அக்கா. நான் போய் இறங்கிய வெள்ளிக்கிழமை மாலை வரை இதற்கு முடிவு இல்லை.

மறுநாள் காலை லோரி மாமா என்னைத் தன் காரில் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். முதலில் ஜுக்ரா. இன்று செம்பனையும் அமைதியும்தான் இருக்கின்றன. ஆனால் 1857 முதல் 1898 வரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட் தம் காலத்தில் சிலாங்கூரின் அரச நகராக வைத்திருந்த இடம் இதுதான். அவருடைய சமாதி இங்கே இருக்கிறது. அவருக்குப் பின் வந்த சுல்தான் 1905-இல் கட்டிய அரண்மனையும் ஆற்றோரத்தில் நிற்கிறது. மஞ்சள் பூசிய சுவரும் மரத் தாழ்வாரமும் பார்க்க வேண்டியவை. சேற்றுத் தரையில் அலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் மோரிப் கடற்கரைக்கு அடுத்துப் போனோம். வார இறுதியில் ஒட்டுக்கடைகளும் குழந்தைகளுமாகக் கலகலப்பாக இருக்கும் இடம்.

“இங்கதான் வெள்ளைக்காரன் திரும்பி வந்து இறங்குனான், சார்” என்றார் மாமா. உண்மைதான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இந்தக் கரையில் இறங்கின. எதிர்க்க ஆள் இல்லை. ஆனால் வண்டிகள் பல சேற்றில் புதைந்து போயின. ஜப்பான்காரன் இருந்து சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இளநீர் குடித்தோம்.

மூன்றே முக்கால் வருஷம். அந்தக் காலத்தில் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பர் வாங்க ஆள் இல்லாததால் பால்வெட்டு நின்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குறைந்தது. வாழைமர நோட்டு அச்சாகி அச்சாகி மதிப்பிழந்தது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் காட்டுக் கீரையும் தின்று உயிர் பிழைத்தார்கள். துணி இல்லாமல் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1942-இல் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினான் ஜப்பான்காரன். காடு, மலை, ஆறு, கொள்ளைநோய். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். நம் மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெருந்தொகை. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு அழகான மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள். நம்மவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. கணக்கே மதிப்பீடாக இருக்கும்போது பெயருக்கு எங்கே போவது?

திரும்பும் வழியில் மாமா காரைப் பாட்டி வீட்டு வாசலில் நிறுத்தினார். “நீங்க வாத்தியாரு. நீங்க பேசிப் பாருங்க” என்றார். எனக்கோ கை கால் உதறியது. நாற்பது பிள்ளைகளை அடக்கலாம். ஒரு பாட்டியின் கோபத்தை என்ன செய்வது?

பாட்டி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். “உங்க தோட்டத்துலயும் போனாங்களா?” என்று கேட்டார். “எங்க தாத்தா போனாரு பாட்டி. திரும்பி வந்துட்டாரு” என்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொன்னதில்ல பாட்டி. நானும் கேட்டதில்ல. நான் நாலாவது படிக்கிறப்போ செத்துட்டாரு.”

“வந்தவங்களும் சொல்லல. போனவங்களும் சொல்லல” என்றார் பாட்டி. சிறிது நேரம் கழித்து, “சாயங்காலம் வர்றேன்னு உங்க அக்காகிட்ட சொல்லு. கிழங்கே அவிங்க. ஆனா தேங்காய்ப்பூ, சீனி, சம்பல் ஒண்ணும் கூடாது. அதெல்லாம் போட்டா அது பலகாரம்” என்றார்.

மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக் கார் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மங்குத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு கிழங்கு, கொஞ்சம் கீரை, உப்பு கொஞ்சமே கொஞ்சம். நடுவில் புத்தகத்தின் மூன்று பிரதிகள். கைபட்டுக் கைபட்டு ஓரம் மடங்கியிருந்தன. வழக்கமாகச் சத்தமாகத் தொடங்கும் கூட்டமாம். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. புத்தகத்தில் எந்த இடம் மனத்தில் நின்றது என்று தாதியம்மாள் ஒவ்வொருவராகக் கேட்டார். கொள்ளைநோய் பற்றித் தாதியம்மாளே பேசினார். கொதிக்க வைத்த தண்ணீரும் உப்பும் இருந்தாலே எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஆளை ஏற்றிப் போன சரக்கு வண்டிகளை லோரி மாமாவால் மறக்க முடியவில்லை. “நான் மாடு ஏத்துறப்போகூட காத்துப் போக வழி பாப்பேன்” என்றார்.

பிறகு பாட்டி பேசினார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“எனக்கு ஆறு வயசு. பெரட்டுல பேரு கூப்புட்டாங்க. வீட்டுக்கு ஒரு ஆம்பள. மூணு மாசத்துல வந்துடலாம், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம்னு சொன்னாங்க. அப்பா ஒரு போர்வையும் ஒரு மங்கும் எடுத்துக்கிட்டாரு. வீட்டுல அரிசி கிடையாது. எங்கம்மா கிழங்கு அவிச்சி, துணியில கட்டிக் குடுத்தா. அதுதான் எங்கம்மா கையால அவரு வாங்குன கடைசிச் சாப்பாடு. லோரி போயிடுச்சி.

சண்டை முடிஞ்சி வந்தவங்கள்ல ஒருத்தரு, உன் புருஷன் காய்ச்சல்ல போயிட்டான்னாரு. இன்னொருத்தரு, இல்ல, நான் வர்றப்போ உசிரோடதான் இருந்தாருன்னாரு. எங்கம்மா ரெண்டாவது ஆளு சொன்னத நம்புனா. செத்தாருன்னு கடுதாசி வரல, யாரும் கண்ணால பாத்ததா சத்தியம் பண்ணல. அதனால பொட்ட அழிக்கல. 1979-ல அவ செத்தா. பொட்டோட, பூவோடதான் தூக்குனோம். அப்பாவுக்குத் திதி குடுக்க நாளு தெரியாது. அமாவாசையில குடுன்னு ஐயரு சொன்னாரு. அம்மா உசிரோட இருக்கிற வரைக்கும் அதுக்கும் ஒத்துக்கல. அதனாலதான் கிழங்கு என் வீட்டுக்கு ஆகாது. ருசி பிடிக்காம இல்ல.”

யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி தட்டிலிருந்த இரண்டு துண்டில் ஒன்றை எடுத்து, சின்ன வாழையிலைத் துண்டில் வைத்து ஓரமாக நகர்த்தினார். மற்றதைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். நாங்களும் சாப்பிட்டோம். உப்பில்லாத கிழங்கு தொண்டையில் அடைக்கும், வாசகர்களே. தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டும். அதைத் தின்றுவிட்டு மலை உடைத்தார்கள், மரம் தூக்கினார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் எத்தனையோ முறை இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். தொண்டையில் அடைத்தது அன்றுதான்.

டோம் யாம் சொன்ன இளைஞன் தலை நிமிராமல் இருந்தான். பாட்டி அவனைப் பார்த்து, “ஏன்டா மூஞ்சைத் தூக்கி வச்சிருக்க? அந்த நாட்டு ஜனங்க மேல எனக்குக் கோவமில்ல. சயாம்காரி ஒருத்தி ஒளிஞ்சி ஒளிஞ்சி சோறு குடுத்தான்னு வந்தவங்க சொல்லியிருக்காங்க. அடுத்த தடவ உன் டோம் யாமைக் கொண்டா, சாப்புடுறேன்” என்றார். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போது கையுறைத் தொழிற்சாலைப் பெண் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பாட்டியிடம் கேட்டாள்: “பாட்டி, உங்கப்பா பேரு என்ன? நான் எழுதிக்கிறேன்.”

பாட்டி சொன்னார். அவரைத் தெரிந்த அத்தனை பேரும் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். பிறகு நோட்டு கை மாறியது. பதினோரு பேரோடு நான் பன்னிரண்டாவது. எங்களில் ஏழு குடும்பங்களிலிருந்து சயாமுக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் நான்கு பெயர்தான் எழுத முடிந்தது. மற்ற இடங்களில், “அப்பாவோட பெரியப்பா”, “பாட்டியோட அண்ணன்” என்று உறவு மட்டும் இருந்தது. பெயர் தெரியவில்லை. இரண்டே தலைமுறைதான், நேயர்களே! ஒரு மனிதனின் பெயர் அழிய இரண்டு தலைமுறை போதுமா?

போதும் என்று பாட்டிதான் முடித்து வைத்தார். “இப்போ சோறு போடுங்க. எந்த விருந்துலயும் யாரும் பசியோட எந்திரிக்கக் கூடாது” என்றார். அக்கா முன்யோசனைக்காரி. உள்ளே சோறும் மீன்குழம்பும் தயாராக இருந்தன. பதினோரு மணி வரை பேசினோம். புத்தகத்தை முழுக்கப் படித்திருந்ததால் நான் தட்டு கழுவத் தேவையில்லை. ஆனாலும் கழுவினேன்.

அன்று இரவே என் அப்பாவுக்குத் தொலைபேசி செய்தேன். தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். தூங்கப் போன மனிதர், எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். தாத்தா தனியாகப் போகவில்லையாம். கூடவே அவருடைய தம்பியும் போயிருக்கிறார். இருவரில் ஒருவர்தான் திரும்பினார். சாப்பாட்டுத் தட்டில் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்கிற தாத்தாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேராசைக்காரத் தாத்தா என்று நாங்கள் கேலி செய்ததும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒரு சின்னத் தாத்தா இருந்தார் என்பதையே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். “இத்தனை நாள் ஏம்பா சொல்லல?” என்றேன். “யாருப்பா கேட்டீங்க?” என்றார் அப்பா. காலையில் அந்த நோட்டை வாங்கிச் சின்னத் தாத்தாவின் பெயரை என் கையால் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் தோட்டத்தில் நான்கு பெற்றோர்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். மூன்று கேள்விச் சட்டம் இங்கேயும் அமலுக்கு வந்திருக்கிறது. முதல் புத்தகம் பள்ளி நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதி. ஆளுக்குப் பத்து நாள். சாப்பாடு அவரவர் வீட்டுப் பாத்திரத்தில்.

உங்கள் தாமானிலும் இதைத் தொடங்க ஆயிரம் வெள்ளி வேண்டாம், மண்டபம் வேண்டாம், தலைவர் செயலாளர் வேண்டாம். இரண்டு வீடும் ஒரு புத்தகமும் ஒரு பாத்திரம் பாயசமும் போதும். பந்திங் பக்கம் போனால் ஜுக்ராவைப் பாருங்கள், மோரிப்பில் இளநீர் குடியுங்கள். அதற்கெல்லாம் முன்னால், இன்றிரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் உள்ள பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டிலிருந்து சயாமுக்கு யார் போனது? அவர் பெயர் என்ன?

பதில் கிடைத்தால் உடனே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கிற ஆள் நாமாகவும் சொல்கிற ஆள் அவராகவும் இருக்கிற நாள் இன்னும் அதிகம் இல்லை.